ஏறாவூர்க் கதவுக்காகக் காத்தான்குடிக்கு ஒரு நடை

2003 ஓகஸ்ட். போர்நிறுத்தம் என்றபடியால் பாதை திறந்திருந்தது. நான் மட்டக்களப்பு டவுனில் தச்சு வேலை செய்கிறவன். ஏறாவூர்ப் பள்ளிவாசல் ஒன்றுக்கு நட்சத்திர வேலைப்பாட்டோடு கதவு செதுக்கிக் கொடுத்தேன். "வேலை சுத்தம். ஆனா என்னமோ சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன பிழை என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கோ ஆத்திரம்! கரடியனாற்றுப் பக்கமிருந்து அந்தக் கதவுக்கு முதிரைப் பலகையைப் பெர்மிட் எடுத்துக் கொண்டுவரவே நாலு மாதம் ஆனது. இன்னொரு பலகைக்கு வழியே இல்லை. நோன்புக்கு முன் கதவு வேண்டும்.

காத்தான்குடிப் பள்ளிவாசல்களைப் பார்த்தால் பிடிபடும் என்று புறப்பட்டேன். காலை 8.20 பஸ், ஏழு ரூபா. ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் கல்லடிப் பாலத்தில் ஆமிச் சோதனைக்கு இறங்கி, பையைக் காட்டி, திரும்ப ஏறிப் போய்ச் சேர ஐம்பது நிமிடம்.

முதல் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டு, கால் கழுவி உள்ளே போனேன். பாறூக் என்ற மேசன் சுவரில் சாந்து வேலை செய்துகொண்டிருந்தார். பன்னிரண்டு முனை நட்சத்திரங்கள், கோடு பிசகவில்லை. ஓரத்தில் மட்டும் எல்லாம் பாதியில் நின்றன. ஆள் அளவைக் கோட்டைவிட்டுவிட்டார் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

"நானா, ஓரத்தில இடம் காணாமப் போயிற்றா?"

அவர் சிரித்தார். "இல்ல தம்பி, மூலையில கால்வாசி, ஓரத்தில அரைவாசி. அங்க இருந்துதான் தொடங்கிற. நீங்க எப்படிச் செஞ்ச?"

"நடுவில தொடங்கி எல்லாம் முழுசாச் செய்தன். மிஞ்சின ஓரத்தில தாமரை போட்டன்."

"அப்ப நீங்க முடிச்சிப் போட்டீங்க. இது முடியாம, ஓரச் சட்டத்துக்கு அங்காலயும் போற வேல."

வெட்கமாகப் போய்விட்டது. கோயில் வேலையில் அரைத் தாமரை செதுக்கினால் அதோடு என் பிழைப்பு முடிந்தது. அந்தப் பழக்கத்தில்தான் கெட்டேன்.

போகிறவர்கள் வெள்ளி மதியம் தவிருங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நடுவைவிட ஓரத்தைப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் தாமரைகளை அறுத்தேன். பிறகு ஓர நட்சத்திரங்களின் நடுவில் கோடு போட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு நாள் உழைப்பு.

"நல்லா இருக்கிறத ஏன் வெட்டுறீங்க?" என்று மனைவி கத்தினாள். கோட்டின் மேல் வாளை வைத்து அறுத்தேன். குறைந்த அகலத்தை ஈடுகட்ட வேம்பில் அகலச் சட்டம் போட்டேன்.

கதவைப் பொருத்திய அன்று ஏறாவூர்ப் பள்ளிவாசல் தலைவர் கிட்ட வந்தார். நட்சத்திரத்தின் ஒரு கோட்டில் விரல் வைத்து இழுத்துக்கொண்டே போனார். விரல் சட்டத்தையும் தாண்டி, வெறுஞ்சுவரில் ஒரு முழம் போய்த்தான் நின்றது.

"ஓம். இப்ப சரி" என்றார்.