சோன்காவின் காது

எங்கள் சோசொப்போல் ஊர்க் கடற்கரையில் ராதோயிடம் கேலிச்சித்திரம் வரையச் சொல்லி உட்காருகிறவர்கள் முதலில் திகைத்துப்போவார்கள். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கவே மாட்டான்.

"கண்ணு, மூக்கு எல்லாம் அப்புறம். முடியை ஒதுக்கிட்டுக் காதைக் காட்டுங்கம்மா" என்பான். காது, புருவம், தாடைக்குக் கீழே தொங்கும் சதை, கன்னத்து மரு. ஆள் அங்கேதான் ஒளிந்திருக்கிறான் என்பது அவன் கட்சி. அதையெல்லாம் ஊதிப் பெரிதாக்கிவிட்டு, மூக்கைப் போகிறபோக்கில் போடுவான். அச்சு அசலாக இருக்கும். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அறுபதை நெருங்குகிறான், கல்யாணம் ஆகவில்லை. குளிர்காலத்தில் கடைகளை மூடி எல்லோரும் போனபின், வாரக்கணக்கில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அறையில் கிடப்பான். பாவமாக இருக்கும்.

பக்கத்தில் வேகவைத்த மக்காச்சோளம் விற்றவள் சோன்கா. கணவன் இல்லை. மூன்று கோடையாக அவனுடைய மதியச் சாப்பாடு அவள் எடுத்துவைக்கும் சோளம்தான். இந்தச் செப்டம்பரோடு தூரத்தில் விதின் நகரத்தில் இருக்கும் மகளிடமே போய்விடப்போவதாகச் சொன்னாள். ராதோய், நீச்சல் டயர் விற்கும் என்னிடம் வந்தான்.

"படம் போட்டுக் குடுத்துட்டு, போகாதீங்கன்னு கேட்டுடுறேன்யா."

கிளம்பும் நாள் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். தானே முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அவன் வரைந்து முடித்துத் திருப்பினால், மழமழவென்று ஒரு பொம்மை. விடைத்த காது இல்லை, இரட்டைத் தாடை இல்லை, மரு இல்லை.

"யாருங்க இது?"

"நீங்கதான். அழகா இருக்கட்டுமேன்னு..."

"இந்த ஊர்ல எல்லார் காதையும் பார்த்தீங்க. மூணு வருஷமா பக்கத்துல நின்னேன். என்னைப் பார்க்கவே இல்லையா?"

அவன் குனிந்து பென்சிலைச் சீவத் தொடங்கினான். "வாயைத் திறய்யா!" என்று விலாவில் இடித்தேன். பேருந்து வந்தது. படத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு அவள் ஏறிவிட்டாள்.

பேருந்து திரும்பி மறைந்ததும் அடுத்த தாளை எடுத்தான். மடமடவென்று வரைந்தான். விடைத்த இடது காது, நடுவில் வெட்டுப்பட்ட புருவம், மருவிலிருந்த ஒற்றை முடிவரை. ஐஸ்கிரீம் கடைக்காரி எட்டிப்பார்த்து, "அட, நம்ம சோன்கா!" என்று சிரித்தாள்.

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், இதை இன்னைக்கே அவளுக்கு அனுப்பு."

"இதையா?" பதறிப்போய்ச் சுருட்டினான். "காதைப் பார்த்தா கோவிச்சுக்குவாய்யா."