பலகை வேலியோரம் நின்றவர்

அந்தக் காலத்தில் நாங்கள் நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த தளத்தில் ஐஸ் ஹொக்கி ஆடுவாள். கூரை கிடையாது. தை மாதத்தில் மூச்சு இழுத்தால் மூக்குக்குள் மயிர் விறைக்கும். பெற்றோர் நாங்கள் பலகை வேலியோரம் கால் மாற்றி மாற்றி நிலத்தை உதைத்தபடி நிற்போம்.

என் பக்கத்தில் எப்போதும் ஒரு நோர்வேக்காரர் நிற்பார். அவருடைய மகன்தான் எங்கள் அணியின் கோல் காப்பாளன். இரண்டு குளிர்காலம் அப்படி நின்றும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை, கோல் விழுந்தால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். வேலையிடத்தில் நாள் முழுக்க அந்நிய மொழியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, பேசாமல் நிற்கக் கிடைத்ததே ஆறுதலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கையுறையைக் கழற்றினார். வேலியைப் பிடித்தார். பிறகு சத்தமில்லாமல் சரிந்து பனியில் உட்கார்ந்தார். குனிந்து ஏதோ தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதியோர் இல்லத்தில் வேலை என்பதால் முதலுதவி பழகியிருந்தேன். அவருக்கு மூச்சு இல்லை. மல்லாத்திப் படுக்கவைத்து, தடித்த ஜக்கெட்டைத் திறந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். ஒரு தாய் அம்புலன்ஸை அழைத்தார். பயிற்சியாளர் விசிலடித்து, பிள்ளைகளை மறுகரைக்குக் கூட்டிப்போய்த் திருப்பி நிற்கவைத்தார். ஆனால் கோல் காப்பாளன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். காலில் கட்டிய கனத்த காப்புமெத்தைகளோடு சறுக்கி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவனை எப்படி அப்பால் அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுத்தினேன். அம்புலன்ஸ்காரர் வந்து என்னை விலக்கினார்.

அன்று மாலை பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்னார், அவர் இறந்துவிட்டார் என்று. நான் செய்தது சரி என்றும் சொன்னார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குசினியில் அடுப்பின் முன்னால் நின்றேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பையன் திரும்பி வந்து ஆடினான். நன்றாகவே ஆடினான். தடுமாறியவள் என் மகள்தான். பந்தாக அடிக்கும் ரப்பர் வட்டு கண்ணெதிரே போனாலும் தவறவிட்டாள். கவனம் எங்கோ இருக்கிறது, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று பயிற்சியாளர் கேட்டார்.

காரில் திரும்பும்போது மகளிடம் கேட்டேன்.

"நீங்கள் நிக்கிறியளோ எண்டு பாக்கிறனான், அப்பா."

நான் காருக்குள் இருந்து பார்க்கட்டோ, அங்கே குளிராது என்று கேட்டேன்.

"வேண்டாம். அங்கை இருந்தால் எனக்குத் தெரியாது."

அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே நின்றேன். அவள் திரும்பும்போதெல்லாம் கையை உயர்த்தினேன். அடுத்த வருடம் அவள் ஹொக்கிக்குப் போகவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.