பார்க்காமல் கொடுத்த பந்து

தெருவில் பார்ப்பவர்கள் அவனை நெட்டை என்பார்கள். பேருந்தில் ஏறினால் குனிந்துதான் நிற்க வேண்டும். ஆனால் கூடைப்பந்து அரங்கத்துக்குள் கால் வைத்த நிமிடமே அவன் பெயர் குட்டை. அங்கே அவனைவிட உயரம் குறைந்தவர் தரை துடைக்கிறவர் ஒருவர்தான். பதினாறு வயதில் ஒட்டிய பெயர் முப்பத்து நான்கு வயதிலும் உதிரவில்லை. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. பந்தைக் கூடைக்குள் போடுவது நெட்டைகளின் வேலை, யார் போட வேண்டும் என்று முடிவு செய்வது தன் வேலை என்று சொல்லிக்கொள்வான். கொஞ்சம் திமிர்தான். ஆனால் உண்மை.

அவன் கொடுத்த பந்துகளில் பாதிக்குமேல் போய்ச் சேர்ந்தது ஏணியிடம். ஏணி என்பதும் பட்டப்பெயர்தான். ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷம் இருவரும் ஒரே கிளப்பில், நீலச் சட்டையில் ஆடினார்கள். வெளியூர் ஆட்டம் என்றால் ஒரே அறை. எந்த ஓட்டல் கட்டிலும் ஏணிக்குப் பத்தாது. கால்மாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு தலையணையும் வைத்துவிட்டுத்தான் குட்டை படுப்பான்.

ஆட்டத்தில் ஏணி பின்னாலிருந்து "மச்சான்!" என்று ஒரு குரல் கொடுப்பான். அவ்வளவுதான். குட்டை திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பந்தை விடுவான். ஏணியின் கை அங்கே இருக்கும். முதுகில் கண் வைத்திருக்கிறான் என்று கூட்டம் கூத்தாடும். குட்டையின் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து எண் எழுதிக் கொடுப்பவள். "முதுகுல கண்ணா? மூஞ்சியில இருக்குற கண்ணுக்கே மேசை மேல இருக்குற சாவி தெரியாது" என்பாள்.

ஒருமுறை ஏணி குட்டையின் வீட்டுக்கு வந்தபோது வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். குட்டையின் தங்கை ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அடுத்த வாரமும் வந்தான், இடித்துக்கொண்டான். மூன்றாவது வாரம் குட்டைக்குச் சந்தேகம் வந்தது. நான்காவது மாதம் கல்யாணம் முடிந்தது. வாய்ப்பழக்கத்தில் மச்சான் என்று கூப்பிட்டுத் திரிந்தவர்கள் உறவிலேயே மச்சான் ஆனார்கள்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு காலையில் மேலாளர் குட்டையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோப்பைகள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லையாம்.

"கேப்டன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணோம். கால் தளர்ந்துடுச்சுன்னு அவரே சொன்னாரு."

கேப்டன் என்றால் ஏணி. முந்தின நாள் சாயங்காலம்கூட இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணுக்காலில் சுற்றிய பட்டையைக் கிழித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டையோடு முடியும் வருகிறது என்று ஏணி சிரித்தான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

குட்டைக்கு வேலை போனதைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒரு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள், போய்ச் சேர்ந்தான். ஏணியோடு பேச்சை அறுத்துக்கொண்டான். தங்கை வீட்டுக்குப் போனாலும் ஏணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போவான். ஏணியின் பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். அந்த வருஷம் அவன் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

அரையிறுதியில் நீலமும் மஞ்சளும் மோதின. எட்டு வினாடி பாக்கி. மஞ்சள் ஒரு புள்ளி முன்னால். பந்து குட்டையின் கையில். அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம், பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினாலே போதும். இரண்டு பேர் வந்து அவனைக் கோட்டோரம் நெருக்கினார்கள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மச்சான்!"

தோளுக்கு மேலே பந்து பறந்தது. ஏணியின் கை அங்கே இருந்தது. பந்து கூடைக்குள் விழுந்து, ஆட்டம் முடிந்த ஒலி அடித்த பிறகுதான் குட்டை திரும்பிப் பார்த்தான். நீலச் சட்டை.

ஏணி கொண்டாட ஓடவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்லா நடிக்கிறான் என்று குட்டை பல்லைக் கடித்தான்.

மறுநாளே ஊர் வாய் திறந்துகொண்டது. "குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்கிட்டாங்கப்பா!" மஞ்சள் கிளப் அவனை வெளியே நிறுத்திவிட்டு, ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று ஒழுங்குக் குழுவுக்கு எழுதிப் போட்டது. குற்றம் உறுதியானால் இனி எந்த ஊரிலும் பந்தைத் தொட முடியாது. பதினெட்டு வருஷ உழைப்புக்குக் கடைசியில் விலைபோனவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

மனைவி அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"கடைசி வரியப் படிங்க."

படித்தான், ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. அப்புறம் என்னதாங்க ஆச்சு?"

"கூப்பிட்டான். குடுத்துட்டேன்."

"அதையே அங்க சொல்லுங்களேன்."

"சொன்னா அவன்கிட்ட கேப்பாங்க. அவன் நான் கூப்பிடவே இல்லன்னு சொல்லிட்டா?"

அவன் பயந்தது தடைக்கு மட்டுமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். சுவரில் அந்த எட்டு வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது, வேறு குரல் எதுவும் இல்லை. கூப்பிட்டான், கொடுத்தேன் என்று மட்டும் குட்டை சொன்னான். ஏணியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கதவருகே குனிந்து உள்ளே வந்து, குட்டையின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"இவரு நீங்க கூப்பிட்டதா சொல்றாரு" என்றார் தலைவர். "யோசிச்சுச் சொல்லுங்க. எதிரணி ஆளைக் கூப்பிட்டு ஏமாத்திப் பந்து வாங்குறது குத்தம். ஆமான்னா நீங்க இறுதி ஆட்டம் ஆட முடியாது."

பதினான்கு வருஷமாக ஆடியும் ஏணி ஒருமுறைகூட இறுதி ஆட்டம் வரை போனதில்லை. இனிமேல் போவதற்கு அவன் முழங்கால்களும் சம்மதிக்காது. குட்டைக்கு இது நன்றாகத் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

"கூப்பிட்டேன்" என்றான் ஏணி.

"ஏமாத்தணும்னா கூப்பிட்டீங்க?"

"இல்ல சார். பந்து அவன் கையில இருந்துச்சு. நான் பின்னாடி ஓடினேன். வாய் தானா கூப்பிட்டுடுச்சு. அவன் வேற சட்டை போட்டிருக்கான்னு பந்து என் கைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. அவன் விலைபோற ஆள் இல்ல சார். என் குரலுக்குக் குடுத்தான், அவ்வளவுதான்."

குட்டைக்கு எதிரே இருந்த மேசை மங்கலாகத் தெரிந்தது. கண்ணில் குறை இல்லை என்று சான்று கொடுத்தவள் அப்போது பக்கத்தில் இல்லை.

குட்டைமேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஏணிக்கு ஒரு ஆட்டம் தடை. அந்த ஒரு ஆட்டம்தான் இறுதி ஆட்டம்.

அன்றைக்கு ஏணி சாதாரணச் சட்டையில், அரங்கத்தின் நடுவரிசையில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தான். குட்டை படியேறிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். முதல் பாதி முழுக்க இருவரும் ஆட்டத்தையே பார்த்தார்கள். இடைவேளையில் குட்டைதான் ஆரம்பித்தான்.

"என் கால் தளர்ந்துதான் போச்சு."

"தெரியும். முதல்ல உன்கிட்டதான் சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் வரல." ஏணி முழங்காலைத் தடவிக்கொண்டே, "மன்னிச்சுடு" என்றான்.

"ம்" என்றான் குட்டை. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவான்.

கடைசி நிமிடத்தில் நீலம் இரண்டு புள்ளி பின்னால். நீலச் சட்டையின் புதுப் பையன் கூடைக்கு அருகே நெருக்கடியில் மாட்டி, ஏணி எப்போதும் நிற்கிற மூலைக்குப் பந்தை வீசினான். அங்கே யாரும் இல்லை. பந்து வெறும் தரையில் குதித்துக் கோட்டைத் தாண்டி உருண்டது.

ஏணி தன்னை அறியாமல் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். பின்வரிசை முழுக்கக் கத்தியது. அவனுக்குக் காதில் விழவில்லை.

குட்டை அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு மச்சான். பின்னாடி இருக்குறவங்களுக்கு மறைக்குது."