படித்துக் காட்டாத பக்கம்

“தாத்தாவுக்கு இது தெரியாதாம்மா?” என்று மகள் கேட்டாள்.

நான் வாங்கித் தந்த கடல் புத்தகத்தை விரித்திருந்தாள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருபவரின் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி உடல் முடங்குவதைக் காட்டும் படம். நான்காம் வகுப்பு படிக்கையில் நானும் இதே போன்ற படத்தைப் பள்ளி நூலகப் புத்தகத்தில் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் சங்கு குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். படகிலிருந்து காற்று இறக்கும் குழாயின் ரப்பர் வாடை வீடெங்கும் அடித்தது.

“ஏளா, கடலுக்குப் போற மனுசன்ட்ட இதையா வாசிக்க? மூடு!” என்று அம்மா அதட்டினாள்.

அப்பா சிரித்தார். “எழுதுனவன் கடல்ல முங்கிருக்கானா? வந்து கேக்கேன், வையி.”

வந்தார், கேட்கவில்லை. அம்மாவுக்குப் பயந்து நானும் எடுக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஆழத்தில் காற்று நின்றுபோய் விறுவிறுவென மேலேறிய அப்பாவைத் தூக்கி வந்தார்கள். அதன்பின் அவர் நடக்கவில்லை.

இப்போது அவர் அடுத்த அறைக் கட்டிலில் இருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டப்போவதாக மகள் நிற்கிறாள். அம்மாவைப் போல ‘மூடு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசிக்க விடவும் பயமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்.