பின் சீட்டில் ஈரம்

இது ராத்திரி நடந்ததல்ல. போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கே.கே. நகரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது நடந்தது. பேய் உண்டா இல்லையா என்று ஷாஹீதா யாரிடமும் வாதாடுவதில்லை. எத்தனை மணிக்கு நடந்தது என்று சொல்வாள். பார்த்ததைச் சொல்வாள். சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வாள்.

அவர்கள் வீட்டு போர்டிகோவில் ஒரு வெள்ளைக் கார் பதினான்கு மாதமாக அசையாமல் நின்றது. மாமனார் அப்துல் வஹீதை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன கார். ஓட்டியது ஷாஹீதாதான். கணவன் ஜுல்பிகருக்குக் காளவாசலில் பெயிண்ட் கடை. காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவான். மாமனார் மவுத்தான மறுவாரமே காரும் படுத்துவிட்டது. இனி இது ஓடாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவானது.

காலை பத்தரைக்கு, காரை ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர் பேயாண்டி போன் செய்தார்.

"அக்கா, அஞ்சு மணிக்கு வாரேன். உள்ள கெடக்குற உங்க சாமானையெல்லாம் எடுத்துருங்க. டயர்ல கொஞ்சம் காத்து அடிச்சு வைங்க, ஏத்த லேசா இருக்கும். சாவியும் ஆர்.சி. புக்கும் வேணும்."

பதினொன்று ஐந்துக்கு ஷாஹீதா கார்க் கதவைத் திறந்தாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முன் சீட்டுக்கு அடியில் கறுத்துச் சுருங்கிய ஆரஞ்சுச் சுளைகள். மாமனார் வாந்தி எடுப்பதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் பைகள். சீட் உறைக்குள் ஓர் எலி கூடு கட்டி, அதிலேயே செத்துக் கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினாள். வால் மட்டும் கையோடு வந்தது. போகட்டும், பூட்டிக் கிடந்த வண்டி அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின் சீட்டில் மாமனாரின் துண்டு கிடந்தது. எடுத்தவள், சட்டென்று கீழே போட்டாள்.

ஈரம்.

தண்ணீர் ஈரமல்ல. பிசுபிசுவென்று, வாயைத் துடைத்துப் போட்டதுபோல. தொட்ட விரலில் நூலாக இழுத்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டாள். கார் நிழலில் நிற்பது அப்புறம்தான் உறைத்தது.

பின் கதவில் சாமான் வைக்கும் பைக்குள் நகத் துண்டுகள். மாமனாருக்கு நகத்தைக் கடித்துக் கடித்து அதில் போடும் பழக்கம். மஞ்சளாக, தடித்து, வளைந்து, ஒரு பிடி இருக்கும். ஷாஹீதாவுக்கு எரிச்சல் மண்டியது. அவர் இருந்தவரை வாராவாரம் அள்ளிக் கொட்டியது போதாதா? பேப்பரில் வழித்தெடுத்தாள். டெட்டால் துணியால் இரண்டு முறை துடைத்தாள். பை சுத்தமாக இருந்தது. அதை இன்றைக்கும் உறுதியாகச் சொல்வாள்.

குளித்தாள். மதிய லுஹர் தொழுதாள். சோறு இறங்கவில்லை. ஒன்று நாற்பதுக்கு மறுபடி காரிடம் வந்தாள்.

பை நிறைய நகம்.

விளிம்பு வரைக்கும். சில வெள்ளையாக, புதிதாக இருந்தன. ஒன்றின் அடியில் சதை ஒட்டியிருந்தது. அதில் ரத்தம் காயவில்லை…

ஜுல்பிகருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வண்டிக்குள்ள யாராச்சும் வந்து படுக்குறாங்களா?"

"பூட்டுன வண்டில எவன் படுப்பான்? என்னாச்சு?"

"கதவுப் பையில நகமாக் கெடக்கு. இப்பத்தான் தொடச்சேன்…"

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்."

"எலிக்கு எங்கங்க கெடைக்கும் இம்புட்டு நகம்?"

"அஞ்சு மணிக்குத்தான் போயிரும்ல. விடு" என்றான்.

அவள் அதைத் தொடவில்லை. நாலு கதவையும் அடைத்துப் பூட்டினாள். காற்று அடிப்பது மட்டும்தான் பாக்கி. இரண்டேகாலுக்குக் கால் பம்பைப் பின் டயரில் மாட்டி மிதித்தாள்.

பஸ்… பஸ்… பஸ்…

ஹ்க்ரும்.

காலை நிறுத்தினாள். தெருவில் ஆள் இல்லை. மறுபடி மிதித்தாள்.

பஸ்… பஸ்…

ஹ்க்ரும்… ஹ்க்ரும்…

தொண்டையைச் செருமும் சத்தம். அவள் தலைக்கு மேலிருந்து. நிமிர்ந்தாள்.

பின் கண்ணாடியின் உட்புறத்தில் சளி. பச்சையாக, ரத்த இழையோடு. மெல்ல… வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே யாரும் இல்லை. ஆனால் பின் சீட்டு அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

"ஷாஹீதாம்மா…"

பம்பிலிருந்து காலை எடுத்தாள்.

"எறக்கி விடும்மா…"

இந்தச் சொல்லை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். மாமனாரின் கடைசி டயாலிசிஸ் அன்று, இதே போர்டிகோவில். வழியிலேயே அவருக்கு வாந்தி. உடுப்பெல்லாம் அசிங்கம். கார் நின்றதும், "இந்தா வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடியவள், குளித்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். கிழவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். அவள் வந்தபோது கூப்பிடுவது நின்றிருந்தது. உயிர் இருந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். இதை ஜுல்பிகரிடம் அவள் சொன்னதில்லை.

சாவி இப்போது அவள் கையில்தான் இருந்தது. கதவைத் திறந்திருக்கலாம்.

அந்த நாற்றம் கண்ணாடி இடுக்கு வழியாக வந்தது…

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. அருவருப்புத்தான். அன்றைக்கு வந்த அதே அருவருப்பு. பம்பை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே இருந்தும் அந்தக் குரல் காதில் விழுந்தது.

"எறக்கி விடும்மா…"

மூன்று மணி.

"எறக்கி…"

நான்கு மணி.

ஹ்க்ரும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேயாண்டி ஹாரன் அடித்தார். அப்போதுதான் சத்தம் நின்றது. கதவைத் திறந்து சாவியை அவரிடம் தூரத்தில் இருந்தே தூக்கிப் போட்டாள். சங்கிலி மாட்டிக் காரை லாரியில் இழுத்து ஏற்றினார். கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. லாரி தெருமுனை திரும்பியதும் போர்டிகோவைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அப்பாடா என்றிருந்தது. பதினான்கு மாதத்தில் முதல் முறையாக வீடு மணந்தது.

ஆறு நாற்பதுக்கு மறுபடி ஹாரன். பேயாண்டி, வெறும் லாரியோடு.

"ஆர்.சி. புக்கு குடுக்காம விட்டுட்டீங்களே அக்கா."

பதற்றத்தில் மறந்தேபோயிருந்தாள். கேட்டருகே எடுத்து வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

மறுநாள் பத்து இருபதுக்கு, பசுமலைக்கு அப்பால் இருக்கும் பழைய இரும்பு யார்டிலிருந்து போன். மேனேஜர் சூரியபிரகாஷ்.

"மேடம், ஒரு சந்தேகம். எங்க கேட்டைத் தாண்டுற எந்த வண்டியா இருந்தாலும் எடை போட்டுத்தான் விடுவோம். நேத்து உங்க காரை எறக்கிட்டு, பேயாண்டியண்ணே வெறும் லாரியோட உங்க வீட்டுக்குக் கெளம்புனாருல்ல?"

"ஆமா."

"அப்ப லாரியோட வழக்கமான எடையவிட நாப்பது கிலோ கூடக் காட்டுச்சு. ஏறித் தேடிப் பாத்தோம். ஒண்ணுமில்ல. தராசும் நல்லாத்தான் இருக்கு, ஆள் வச்சு செக் பண்ணியாச்சு."

"அதுக்கு…?"

"உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புனப்ப அந்த நாப்பது கிலோ இல்ல. அங்க எதையாச்சும் எறக்கி விட்டாரா மேடம்?"



டயாலிசிஸ் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். அதை நோட்டில் குறிப்பது அவள் வேலை. அப்துல் வஹீதுக்கு அவள் கடைசியாக எழுதிய எடை, நாற்பது கிலோ.