கோயில் வாசலில் பொடுதலை

எங்கள் கோயில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. எங்கள் தீவின் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ச் சந்தையிலிருந்து அரை மணி நேர நடை. சாலையிலிருந்து வாசல்வரை மண்தரை. மழை விழுந்தால் அதில் தொட்டாற்சுருங்கி முளைத்துவிடும். தைப்பூசத்தன்று ஆற்றில் குளித்துவிட்டு வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் அந்த முள் ஏறும். நாங்கள் வருஷந்தோறும் மண்வெட்டியால் சுரண்டிப் பார்ப்போம். வேர் உள்ளேயே இருக்கும். பூசத்துக்குள் மறுபடி தளிர்த்துவிடும்.

என் மனைவி அப்போது ஒரு வேண்டுதலில் இருந்தாள். எங்கள் மகளுக்கு நாலு வயதில் கடும் காய்ச்சல் வந்து, கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. மகள் எழுந்து நடந்தால், மூன்று பூசத்துக்கு வாய் கட்டிப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். மகள் ஒரு காலை இழுத்துக்கொண்டாவது நடந்தாள். வாய் கட்டுவது என்றால், ஆற்றங்கரையில் மஞ்சள் துணியைக் கட்டியதிலிருந்து பாலைச் சாமிக்கு ஊற்றும்வரை வாயிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது. வந்தால் மூன்று வருஷமும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

இரண்டாம் வருஷம் என் மனைவியின் குதிகாலில் முள் ஏறிச் சீழ் வைத்தது. பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுயாக் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, கடலோரக் கல்லறைகளுக்கு நடுவே பொடுதலை படர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மிதித்தாலும் சாகாத கொடி. சின்னச் சின்னதாக வெள்ளைப் பூ. அது மூடிய இடத்தில் வேறு புல் எதுவும் இல்லை.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கோயில் வாசலில் பொடுதலை வைக்கலாம் என்று பூசாரியிடம் தனியாகச் சொன்னேன். அவர் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டு உடைத்துவிட்டார்.

"புல்ல ஒழிக்கப் புல்லு வைக்கிறியா, மச்சான்?" என்றார் என் மனைவியின் அண்ணன். "அலே, வை வை! அடுத்த வருஷம் நாங்க ஆட்டக் கொண்டாந்து கட்டுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சுயாக்கிலிருந்து இரண்டு சாக்குக் கொடி கொண்டுவந்தேன். மண்ணைக் கிளறி, தொட்டாற்சுருங்கியை வேரோடு எடுத்து, கொடியைக் கணுக்கணுவாக வெட்டி ஒரு சாண் இடைவெளியில் பதித்தேன். கரும்பு வேலை முடிந்து, சாயங்காலம் போய்த் தண்ணீர் ஊற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் களை பிடுங்கிவிட்டு வந்துவிடுவேன். வருஷம் திரும்புவதற்குள் தரை முழுவதும் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. முள் என்று ஒன்று கூட இல்லை. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

மூன்றாவது பூசம். காவடிகள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். நான் வாசலில் குடத்துத் தண்ணீரை வருகிறவர்களின் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். பூக்கள் மேலெல்லாம் தேனீ. காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் அங்கே நின்றவன் நான். வெயில் நேரத்தில் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

என் மனைவி அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டாள். தலையில் பால்குடம். சட்டென்று நின்றாள். இடது கால் மெல்ல எழும்பி, அப்படியே திரும்பக் கீழே வந்தது. மஞ்சள் துணிக்கு மேலே கண் நிறைந்துவிட்டது. அவள் அண்ணன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"அயோ, என்ன தங்கச்சி? முள்ளா?"

அவள் தலையாட்டவும் முடியாது. என் கையில் குடம் இருந்தது. என் வாயும் கட்டியது போலத்தான் இருந்தது. அவள் இன்னொரு அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. பால் சிந்தவில்லை. என்னிடம் வந்ததும் அவள் காலில் தண்ணீர் ஊற்றினேன். அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பால் ஊற்றி முடித்து, துணியை அவிழ்த்தபின், மாமரத்தடியில் அவளை உட்காரவைத்துக் காலை மடியில் எடுத்தேன். பாதம் வீங்கியிருந்தது. நகத்தால் கொடுக்கைக் கீறி எடுத்தேன்.

"முள்ளு இன்னும் போவலியா உன் வாசல்ல?" என்றாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"முள்ளு இல்ல. தேனீ. நான் வச்ச பூவுக்கு வந்தது. நாளைக்கே எல்லாத்தையும் பிடுங்கிடுறேன்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் மகள் காலை இழுத்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தாள். பொடுதலை நடுவில் அவளும் வெறுங்காலோடுதான்.

"வந்துரு இங்க!" என்று மகளைக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "செடிய ஏன் பிடுங்குற? பூசத்துக்கு முந்தின நாளு பூவ வெட்டிப் போடு" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் நான் அரிவாளோடு போய்ப் பூவை வெட்டுகிறேன். வெட்டிய மறுநாள் உச்சி வெயிலில், காவடி வருமுன், செருப்பில்லாமல் ஒருமுறை அதன்மேல் நடந்து பார்க்கிறேன்.