நாகதந்தம்

நாட்டுமருந்துக் கடைக்காரர் எழுதிக்கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தால் என் அம்மாவுக்குப் பாம்புப்பல்லுக்காரி என்று பேர் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஜப்பான்காரன் காலம். சிரம்பான் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து என்று ஒரு மண்ணும் கிடையாது. அம்மாவிடம் ஊரில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிக் கொண்டுவந்த வெள்ளை மருந்துத் துண்டு ஒன்று இருந்தது, சுண்டுவிரல் தண்டி; புண்ணுக்கு நல்லது என்பதற்கு மேல் அதைப் பற்றி அவளுக்கும் தெரியாது. அதைக் கல்லில் உரசி லயத்து வரிசைவீடுகளில் இருந்த பிள்ளைகளின் புண்ணுக்குப் பூசிவிடுவாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கும் பூசினாள். மறுவாரம் அவன் காய்ச்சலில் போய்விட்டான். அந்த மாதம் காய்ச்சல் இல்லாத வீடே லயத்தில் இல்லை. ஆனாலும் எதைப் பூசினாள் என்று பேச்சு கிளம்பியது. மருந்து சுற்றியிருந்த காகிதத்தை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் படித்த மனிதர் அவர் ஒருவர்தான். 'நாகதந்தம்' என்று வாசித்தார். தந்தம் யானைக்குத்தானே என்று யாரோ இழுத்தார்கள்.

"தந்தம்னா பல்லு. முன்னால நாகம்னு போட்டிருக்கே. பாம்புப் பல்லு லா இது" என்றார் கிராணி.

பாம்புக்குச் சுண்டுவிரல் தண்டிக்குப் பல்லா? கேட்க ஒரு நாதியில்லை. அன்றோடு எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. பிறகு அம்மாவுக்கும் காய்ச்சல் கண்டது. அக்காவின் கதவைத் தட்டிக் கொஞ்சம் கஞ்சி கேட்டாள். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

சண்டை முடிந்து, நான் படித்து, ரஹாங்கில் வாத்தியாரம்மா ஆனேன். ஒருநாள் அகராதியில் வேறெதையோ தேடப்போய் அந்த வார்த்தையில் கண் நின்றுவிட்டது. வடமொழியில் நாகம் என்றால் பாம்பு மட்டுமல்ல, யானையும்தான். நாகதந்தம் என்றால் யானையின் பல். வெறும் யானைத்தந்தம், அவ்வளவுதான்!

அகராதியோடு தெமியாங்கில் இருந்த கிராணி வீட்டுக்கு நேரே போனேன். நான் காட்டிய பக்கத்தைப் பார்த்தவர் திடுக்கிடக்கூட இல்லை.

"எனக்கும் அப்பவே சந்தேகம்தாம்மா. அத்தன பேரும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப, தெரியலன்னு எப்பிடிச் சொல்றது?"

ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா இது? கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை பஸ்ஸில் ஏற்றினேன். அந்த அக்கா அப்போது மந்தினில் மகள் வீட்டில் இருந்தாள். அது யானைத்தந்தம்தான் என்று அவர் வாயாலேயே அவளிடம் சொல்லவைத்தேன்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"அன்னிக்கு கதவுக்குப் பின்னாலதாம்மா நின்னேன். கையில கஞ்சி இருந்துச்சு."